ரேடியோவில் பாரிவாக்கம்!

ஊர்ப் பேரை முன்னால் போட்டுக்கொண்ட வித்வான்களை ஒரு நிமிஷம் வரிசையாக நினைத்துப் பாருங்கள். அரியக்குடி, செம்மங்குடி, முசிறி, காருக்குறிச்சி, திருவெண்காடு, நாமகிரிப்பேட்டை... இந்த ஊர்களில் முக்கால்வாசிக்கு நான் போனதில்லை, எங்கே இறங்கி எந்த பஸ் மாற வேண்டும் என்றுகூடத் தெரியாது, ஆனாலும் சின்ன வயசிலிருந்து காதில் விழுந்து விழுந்து அத்தனையும் பழகின ஊராகிவிட்டன. யார் பார்த்த வேலை இது? ரேடியோ பார்த்த வேலை! சென்னை வானொலி அறிவிப்பாளர் அவசரமே படாமல் ஊர்ப் பேரை முதலில் சொல்லி, ஒரு இம்மி இடைவெளி விட்டு, அப்புறம் வித்வானின் பேரைச் சொல்வாரே, அந்தக் குரல் பார்த்த வேலை. அதே நிதானத்தில், அதே இம்மி இடைவெளியோடு, ஒருநாள் விடிகாலை ‘பாரிவாக்கம்’ என்று வந்ததய்யா! பாரிவாக்கம்! பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகிற ரோட்டில், சிக்னலில் கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் புழுதி குடித்துக்கொண்டு நிற்பீர்களே, அந்தப் பாரிவாக்கம்தான். ‘எங்கே குடியிருக்கீங்க?’ என்று யாராவது கேட்டால் ‘பூந்தமல்லி பக்கம்’ என்று சொல்லியே காலத்தை ஓட்டிய நான், இப்போது நெஞ்சை நிமிர்த்தி ‘பாரிவாக்கம், ரேடியோல வந்துச்சே!’ என்கிறேன். கேட்டவர் விழிக்கிறார். விழிக்கட்டும்.

விஷயம் இதுதான். எங்கள் தெருக்கோடியில் ஒரு தவில் வித்வான் இருக்கிறார். பேரை எழுதினால் ‘எனக்கு எதுக்குப்பா விளம்பரம்’ என்று முறைப்பார், அதனால் தெருவே கூப்பிடுகிற மாதிரி அண்ணன் என்றே இருக்கட்டும். முகூர்த்த நாள் என்றால் கோழி கூவுவதற்கு முன்னால் மண்டபத்துக்கு வண்டி ஏறிவிடுவார். திருவேற்காடு, மாங்காடு, திருமழிசை என்று சுற்றுவட்டாரத்தில் எங்கே சாமி புறப்பாடு என்றாலும் அவர் தோளில் தவில் தொங்கும். மற்ற நாளில் சாயங்காலம் மொட்டை மாடியில் சாதகம். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா வருவதற்கு முன்னால் தகதிமி வந்துவிடும், அதுவும் சுத்தமாக! ஆனால் கல்யாணத்தில் தவிலை யார் உட்கார்ந்து கேட்கிறார்கள், சொல்லுங்கள். முதல் பந்தியில் இடம் பிடிக்க ஓடுகிற கூட்டம், வீடியோக்காரரின் விளக்கு வெளிச்சம், மாப்பிள்ளை வீட்டு மாமாவின் ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’ என்கிற கை ஆட்டல், இதற்கு நடுவில் ஒரு மனுஷன் தீர்மானம் வைத்து முடித்தால் என்ன, வைக்காவிட்டால் என்ன? ஆள் இருக்கிறார், வாசிப்பு இருக்கிறது, கேட்கிற காதுதான் இல்லை. அந்தக் காதைக் கொண்டுவந்து சேர்க்கிற வேலையைத்தான் வானொலி செய்கிறது என்பேன், எத்தனை பேர் என்னை மடக்கினாலும் அதையே சொல்வேன்.

கோயில் நோட்டீஸ்களில் பார்த்திருப்பீர்களே, மேளக்காரர் பேருக்கு மேலே ‘வானொலி, தொலைக்காட்சி புகழ்’ என்று சிவப்பு மையில் வளைத்துப் போட்டிருப்பார்கள். சும்மா போட்டுக்கொள்கிற பட்டம் என்றுதான் ரொம்பப் பேருக்கு நினைப்பு. அதற்குப் பின்னால் ஆடிஷன் என்று ஒரு மலை இருக்கிறது! விண்ணப்பம் போட வேண்டும், என்னென்ன ராகம், என்னென்ன தாளம் தெரியும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், கூப்பிட்ட அன்றைக்குப் போய் மைக்குக்கு முன்னால் உட்கார வேண்டும். கேட்டு மதிப்பிடுகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, காதால் மட்டும் கேட்கிறார்கள். யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு, சட்டை கசங்கியிருக்கிறதா, காதில் கடுக்கன் இருக்கிறதா, ஒன்றும் அங்கே செல்லாது. தேறினால் பி, அதற்கு மேல் பி-ஹை, அப்புறம் ஏ, உச்சியில் ஏ-டாப். 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் காலத்தில் இந்த முறையை இறுக்கிப் பிடித்தார்கள், ‘எங்களுக்கே பரீட்சையா?’ என்று வடக்கே பெரிய உஸ்தாதுகளெல்லாம் கொதித்தார்கள் என்பது சரித்திரம். கொதித்தது நியாயமாகவே இருக்கட்டும். ஆனால் சபாக் காரியதரிசி யாரையும் தெரியாத ஒரு பாரிவாக்கத்துத் தவில்காரருக்கு, முகம் காட்டாமல் விரலை மட்டும் காட்டச் சொல்கிற ஒரு வாசல் வேறு எங்கே இருக்கிறது? அண்ணனுக்கு பி-ஹை கிடைத்த அன்று அண்ணி தெரு முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். ‘பி-ஹைன்னா இன்னாக்கா, பி.எச்டி. மாதிரியா?’ என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டதற்கு, ‘அத விட மேல’ என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். வாபஸ் வாங்குவதாக இல்லை.

அப்புறம் ஒருநாள் கான்ட்ராக்ட் வந்தது. பழுப்பு நிற அரசாங்க உறை, உள்ளே தேதி, நேரம், தொகை எல்லாம் போட்டு ஒரு காகிதம். அந்தக் காகிதத்தை அண்ணன் நாலாக மடித்து சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவைத்தார். ஒலிப்பதிவு நாளன்று தவில் உறையைத் தூக்கிக்கொண்டு கூடவே கிளம்பினேன், யார் கூப்பிட்டார்கள் என்று கேட்காதீர்கள், யாரும் கூப்பிடவில்லை! பூந்தமல்லியில் பஸ் ஏறி, மாறி, கலங்கரை விளக்கம் தாண்டாமல் இறங்கி, காமராஜர் சாலையில் அந்தக் கட்டிடத்துக்கு முன்னால் நின்றபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எதிரே கடல், முதுகில் தவில், மண்டைக்குள் என் பாட்டன் காலத்து ரேடியோ சத்தம் மொத்தமும் ஒரே நேரத்தில். (இன்னொரு சந்தோஷம், சொல்லாமல் இருக்க முடியவில்லை: கலங்கரை விளக்கத்தில் கிளம்பி பூந்தமல்லி பைபாஸ் வரைக்கும் மெட்ரோ ரயிலுக்குத் தடம் போட்டிருக்கிறார்களே, அந்தத் தடத்தின் ஒரு நுனியில் வானொலி நிலையம், மறு நுனியில் நாங்கள். யாரோ எங்களுக்காகவே கோடு கிழித்த மாதிரி இல்லை?)

வாசலில் காத்திருந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த கதையையெல்லாம் அண்ணனிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் தாளத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார், காதில் வாங்கினாரா தெரியாது, நீங்களாவது வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவில் ரேடியோ கிளப் ஆரம்பித்து ஒலிபரப்பிப் பார்த்த முதல் ஊர்களில் ஒன்று நம் மெட்ராஸ்! 1924இல் கிருஷ்ணசாமி செட்டி என்கிற மனுஷர் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் என்று ஒன்றைத் தொடங்கி, அந்த வருஷம் ஜூலை 31ஆம் தேதி ஒலிபரப்ப ஆரம்பித்துவிட்டார். கையில் இருந்த ஒலிபரப்பியின் சக்தி எவ்வளவு? 40 வாட்! வீட்டில் எரிகிற குண்டு பல்பு அளவு! அதை வைத்துக்கொண்டு ஊரைப் பாட்டுக் கேட்க வைக்கலாம் என்று கிளம்பிய தைரியத்தைப் பாருங்கள். 1927இல் பணம் இல்லாமல் கிளப் மூடப்பட்டது, கருவி மாநகராட்சியின் கைக்குப் போனது. இங்கேதான் எனக்குப் புல்லரிக்கும். 1930 ஏப்ரல் 1 முதல் மெட்ராஸ் கார்ப்பரேஷனே ஒலிபரப்பு நடத்தியது. குப்பை அள்ளுகிற, குடிதண்ணீர் விடுகிற கார்ப்பரேஷன்! கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டி, சாயங்காலமானால் பாட்டு விட்டார்கள். கற்பனை செய்யுங்கள்: வீட்டில் ரேடியோ வாங்க வக்கில்லாத ஒரு ரிக்‌ஷாக்காரர், ஒரு மீன்காரம்மா, வாசலில் நின்றாலே விரட்டுகிற கச்சேரி ஹாலுக்குள் காலடி வைத்திராத ஒரு கூட்டம், மெரினா மணலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு இலவசமாகச் சங்கீதம் கேட்கிறது! டிக்கெட் இல்லை, முன்வரிசை இல்லை, அலைச் சத்தம்தான் சுருதி. அந்த மணலில் ஒரு சாயங்காலம் உட்கார வேண்டும் என்பதற்காகவே நான் தொண்ணூறு வருஷம் முன்னால் பிறந்திருக்கலாம்.

1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் மெட்ராஸ் நிலையம் எழும்பூர் மார்ஷல்ஸ் ரோட்டில், இன்றைக்கு ருக்மணி லட்சுமிபதி சாலை என்கிறோமே அங்கே, ஒரு பங்களாவில் ஆரம்பமானது. அடுத்த வருஷமே திருச்சி நிலையம் வந்தது. 1950களில் கடற்கரையில் இந்தக் கட்டிடம். செம்மங்குடி சீனிவாச ஐயர் 1957 முதல் 1960 வரை இங்கே கர்நாடக இசைக்குத் தலைமைத் தயாரிப்பாளர். ஓவியரும் பாடகருமான எஸ். ராஜம் இங்கே வேலை பார்த்தவர். யோசித்துப் பாருங்கள், அப்பேர்ப்பட்டவர்கள் நடந்த தாழ்வாரத்தில் எங்கள் அண்ணன் பாரிவாக்கத்துத் தூசி படிந்த செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறார்! ‘நிலைய வித்வான்’ என்கிற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். மாதச் சம்பளத்துக்கு வயலினும் மிருதங்கமும் வீணையும் வாசித்த கலைஞர்களை ஒரு அரசாங்க ஆபீஸ் வைத்திருந்தது என்பதை இன்றைக்கு ஒரு பிள்ளையிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்று நினைக்கும். மழை பெய்தாலும் சபா சீசன் முடிந்தாலும் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கும். மார்கழிக்கு மட்டும் மலர்கிற ஊரில் மற்ற பதினொரு மாசமும் சங்கீதத்துக்குச் சோறு போட்டது யார் என்று கேட்டால் நான் அந்தக் கடற்கரைக் கட்டிடத்தைத்தான் கை காட்டுவேன்.

ஸ்டுடியோவுக்குள் நான் போகவில்லை, விடமாட்டார்கள், விடக்கூடாதுதான். அண்ணன் வெளியே வந்து சொன்னதைக் கேட்டுக் கேட்டு, உள்ளே போய் வந்தவன் மாதிரி இப்போது எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கனத்த கதவு சாத்தினதும் காது அடைத்துக்கொண்டதாம், தன் மூச்சு தனக்கே கேட்டதாம். தவில் சத்தம் நாகஸ்வரத்தை அமுக்கிவிடக் கூடாதே என்று ஒலிப்பதிவு செய்கிறவர் அவரைத் தள்ளி உட்காரச் சொல்லி, மைக்கைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி தள்ளி உட்காரச் சொல்லி, ஒரு ஆவர்த்தம் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அதற்கப்புறம்தான் தலையாட்டினாராம். ‘அவ்ளோ பொறுமையா என் தவில யாருப்பா கேட்டிருக்காங்க?’ என்றார் அண்ணன், டீ கிளாஸை உருட்டிக்கொண்டே. வலது கை விரல்களில் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு, இடது கையில் பூவரசங் கழியை எடுத்து, சிவப்பு விளக்கு எரிந்ததும், இனிமேல் இருமக்கூட முடியாது என்று தோன்றியதாம். முப்பது வருஷம் இரைச்சலுக்கு நடுவில் வாசித்தவருக்கு முதல் தடவையாக நிசப்தம் கிடைத்திருக்கிறது!

இனி அந்த விடிகாலை. வாருங்கள், என்னோடு கூடவே வாருங்கள், வேகமாக நடங்கள், நேரமாகிவிட்டது! இன்னும் இருட்டு பிரியவில்லை, ஏரிப் பக்கத்திலிருந்து சில்லென்று காற்று, சிக்னலில் லாரிகள் உறுமுகின்றன, டீக்கடையில் முதல் பால் பொங்குகிறது. மாஸ்டர் தன் அப்பா காலத்து மர்ஃபி ரேடியோவை இதற்காகவே பரணிலிருந்து இறக்கித் துடைத்து, சந்தனப் பொட்டு வேறு வைத்திருக்கிறார். மீடியம் வேவில் 720. முள்ளைத் திருப்பினால் ஒரே கரகரப்பு, ‘எல்.ஈ.டி. லைட்ட நிறுத்துங்கடா, அதான் எறைச்சல்’ என்று யாரோ கத்த, லைட் அணைகிறது, கரகரப்பு பாதியாகக் குறைகிறது. அண்ணன் எங்கே? அதுதான் வேடிக்கை, அன்றைக்கு முகூர்த்த நாள், திருவேற்காட்டுப் பக்கம் ஒரு மண்டபத்தில் மேளம், நள்ளிரவிலேயே போய்விட்டார்! அண்ணி ஸ்வெட்டரைப் போர்த்திக்கொண்டு நிற்கிறார், அண்ணனின் அம்மா, எங்கள் எல்லோருக்கும் ஆயா, முக்காலியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறார். பால் வாங்க வந்தவர்கள், ஷிப்டுக்குப் போகிற கம்பெனி பிள்ளைகள், ஒரு நாய். பாதிப் பேர் கையில் செல்போனில் நியூஸ்ஆன்ஏர் ஆப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள், ரேடியோ காலை வாரிவிட்டால் ஆபத்துக்கு இருக்கட்டுமென்று. முகப்பு இசை வருகிறது, ஹிட்லருக்குத் தப்பி பம்பாய்க்கு வந்து சேர்ந்த வால்டர் காஃப்மன் என்கிற செக் நாட்டு யூதர் அமைத்ததாமே, அந்தத் தம்புராவும் வயலினும். எத்தனை கோடிக் காலைகளை அது திறந்துவைத்திருக்கும்! வந்தே மாதரம். அப்புறம் என்னென்னவோ. அப்புறம் அறிவிப்பாளர். நாகஸ்வரக் கச்சேரி என்கிறார், முதல் நாகஸ்வரக்காரர் பேர், ஊர்ப் பேரோடு. இரண்டாம் நாகஸ்வரக்காரர் பேர், ஊர்ப் பேரோடு. ‘தவில்’ என்கிறார். ஒரு மூச்சு. யாரும் டீ உறிஞ்சவில்லை. ‘பாரிவாக்கம்’ என்கிறார்!

ஐயோ, எப்படிச் சொல்வேன்! அந்த ‘ரி’யை இழுக்காமல், ‘வாக்கம்’ என்பதை விழுங்காமல், கண்டக்டர் ‘பாரிவாக்கம்லாம் எறங்கு’ என்று கத்துவாரே அப்படி இல்லாமல், திருவாவடுதுறைக்கும் திருவெண்காட்டுக்கும் கொடுக்கிற அதே மரியாதையோடு ஒரு குரல் எங்கள் ஊரைச் சொல்லி, இம்மி இடைவெளி விட்டு, அண்ணனின் முழுப் பேரைச் சொல்கிறது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை, பெஞ்சு மேல் ஏறிவிட்டேன், ஏன் ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது, இறங்கவும் தோன்றவில்லை. இன்னும் இருக்கிறது, கேளுங்கள்! செல்போன் ஆப்பில் ரேடியோவை விடக் கொஞ்சம் தாமதமாகத்தான் சத்தம் வருமில்லையா? மர்ஃபியில் பேர் சொல்லி முடித்து நாங்கள் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே, கம்பெனிப் பையனின் போனிலிருந்து மறுபடி ‘பாரிவாக்கம்’! அது முடிவதற்குள் எதிர்வீட்டு மாடியிலிருந்து ‘பாரிவாக்கம்’! நாலு வீடு தள்ளி யாரோ சத்தமாக வைத்திருக்கிறார்கள், அங்கிருந்து ‘பாரிவாக்கம்’! தெரு முனையிலிருந்து கோடி வரைக்கும், ஒவ்வொரு போனும் தன் முறைக்குக் காத்திருந்து சொன்ன மாதிரி, ஊர்ப் பேர் ஓடிக்கொண்டே போகிறது, அதைத் துரத்திக்கொண்டு நாகஸ்வரம் மலயமாருதத்தில் முதல் பிடியைப் பிடிக்கிறது, நான் பெஞ்சு மேல் நின்றபடியே அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை, மாஸ்டர் ‘எறங்குப்பா, பெஞ்சு ஒடஞ்சிடும்’ என்கிறார், அவர் கண்ணும் சிவந்துதான் இருக்கிறது, பால் பொங்கி வழிவதை ஒருவரும் பார்க்கவில்லை!

அப்புறம் வாசிப்பு. புறப்பாட்டிலும் கல்யாணத்திலும் தவில் என்றால் நம் காதுக்கு வருவது கழி விழுகிற தொப்பிச் சத்தம்தான், வெடி மாதிரி அதுதான் முந்தும். மைக் கொண்டுவந்து காட்டியது வேறு. வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் ஓடுகிற ஓட்டம், பொடிப் பொடியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், தனித்தனியாகக் கேட்டது! கீர்த்தனையில் ஒரு இடத்தில் அண்ணன் வாசிக்கவே இல்லை, நாகஸ்வரத்தைத் தனியே விட்டுவிட்டு, வரி முடிகிற இடத்தில் ஒரே ஒரு தட்டு. ‘எம் புள்ளயா இது? இவ்ளோ அடக்கமா வாசிக்கிறானே!’ என்றார் ஆயா. அப்புறம் தனி வந்தது. அரை மணி நேரக் கச்சேரியில் தனிக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கும்? சில நிமிஷம்தான், ஆனால் வீண் போன ஒரு அட்சரம் கிடையாது, ரேடியோ நேரத்தின் அழகே அதுதான், கடிகாரம் உதறி உதறிச் சாரத்தை மட்டும் மிச்சம் வைக்கும். கம்பெனிப் பையன் ஒருவன் பஸ்ஸை விட்டான். ஷிப்டுக்கு லேட் ஆனால் சம்பளம் பிடிப்பார்கள் என்று தெரிந்தே விட்டான். அதே நேரத்தில் மண்டபத்தில் அண்ணன் தாலி கட்டுகிற நேரத்துக் கெட்டிமேளத்துக்குக் காத்துக்கொண்டு, ஒருவரும் திரும்பிப் பார்க்காமல், வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்! ஒரே மனுஷன், ஒரே விடிகாலை, இரண்டு இடத்தில் தவில். எதை மெட்ராஸ் கேட்டது? எங்கள் டீக்கடை கேட்டதைத்தான்!

இது எங்கள் தெருவுக்கு மட்டும் நடந்த அதிசயம் என்று நினைத்துவிடாதீர்கள். பி. சுசீலா யார்? மெட்ராஸ் வானொலியின் ‘பாப்பா மலர்’ நிகழ்ச்சியில் பாடிக்கொண்டிருந்த பெண். புதுக் குரல் தேடிய இசையமைப்பாளர் பெண்டியாலா நாகேஸ்வர ராவ் போய் விசாரித்தது வானொலி நிலையத்தில்தான்! வாணி ஜெயராம் எட்டு வயதில் முதன்முதலாகப் பாடியது மெட்ராஸ் வானொலியில். கொல்லங்குடி கருப்பாயி 1985இல் ‘ஆண் பாவம்’ படத்தில் வந்து சிரிக்க வைத்தாரே, அதற்கு எவ்வளவோ முன்னால் அவருடைய நாட்டுப்புறப் பாட்டை வானொலிக்காரர்கள் மைக்குக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சுப்பு ஆறுமுகத்தின் வில்லுப்பாட்டை முதலில் ரேடியோவில் கேட்டுவிட்டுத்தான் மேடையில் பார்க்க ஓடியவர்கள் எத்தனை பேர்! பிபிசியில் ஜான் பீல் என்று ஒரு அறிவிப்பாளர் இருந்தார், 1967இலிருந்து சாகும்வரை, யாரும் கேள்விப்படாத குழுக்களை ஸ்டுடியோவுக்கு வரவழைத்துப் பாட வைத்தே காலத்தைக் கழித்தார், இங்கிலாந்து இன்றைக்கும் அவர் பேரைச் சொல்லி உருகுகிறது. நாமும் உருகலாம், நமக்கு உருகக் காரணம் கூடவே இருக்கிறது. பண்பலை என்று இன்றைக்குக் காரில் தட்டுகிறோமே, இந்தியாவில் அது முதலில் காற்றில் ஏறியதே 1977 ஜூலை 23 அன்று நம் சென்னையில்தான். அகில இந்திய வானொலி சிற்றலைக் கோபுரங்களை நிறுத்தியதும் எங்கள் பக்கத்து ஆவடியில்தான். பாரிவாக்கத்துத் தவில் காற்றில் ஏறியதற்குப் பாதிக் காரணம் மண்ணின் ராசி என்று நான் சொன்னால் விஞ்ஞானம் தெரிந்தவர்கள் மன்னிக்கவும்.

குறையே கிடையாதா என்று ஓரமாக ஒருவர் கேட்கிறார், கேட்கட்டும். 1940இல் ஹார்மோனியத்துக்குத் தடை போட்டார்கள், பல வருஷம் அந்தப் பாவப்பட்ட பெட்டி ரேடியோ வாசலில் நின்றது. சினிமாப் பாட்டு வேண்டாம் என்று கேஸ்கர் முறைத்த காலத்தில் நம்மவர்கள் இலங்கை வானொலிக்கு ஓடிப்போய் மயில்வாகனன் குரலில் மயங்கினார்கள், 1957இல் விவித பாரதி வந்துதான் கொஞ்சம் பேர் திரும்பி வந்தார்கள். இந்தக் காலத்துக்கு வந்தால், கானா இன்னும் கொஞ்சம் தாராளமாகக் கேட்கலாம், பம்பை உடுக்கைக்கு இன்னும் நிறைய நேரம் ஒதுக்கலாம், சன்மானத்தைக் கொஞ்சம் கூட்டலாம். போதுமா? விமர்சனம் எழுதியாயிற்று, மேலே போகலாம்.

அண்ணன் அன்று மத்தியானம் மண்டபத்திலிருந்து தேங்காய்ப் பையோடு வந்து இறங்கினபோது தெருவே வாசலில் நின்றது. அவருக்குக் கூச்சம், தலையைக் குனிந்துகொண்டு போகப் பார்த்தார். விடுவோமா? மாஸ்டர் போனில் பதிவு செய்து வைத்திருந்ததைப் போட்டுக் காட்டினார். முழுவதையும் அண்ணன் நின்றபடியே கேட்டார், தன் வாசிப்பைத் தானே கேட்பது அவருக்கு முதல் தடவையாம், தனி முடிந்ததும் ‘அந்த மூணாவது தீர்மானத்த இன்னும் கொஞ்சம் அடக்கி வெச்சிருக்கலாம்’ என்றார். நாங்கள் அடிக்கப் போனோம்.

அடுத்த முகூர்த்தத்துக்கே வித்தியாசம் தெரிந்தது. தெருவில் ஒரு நிச்சயதார்த்தம், மேளம் அண்ணனுடையது. பந்திக்குக் கூப்பிட்டும் ஒரு பத்துப் பேர் எழுந்திருக்கவில்லை, நாற்காலியை மேளத்துக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சமையல்காரர் வந்து ‘வடை ஆறிப்போவுது’ என்று கெஞ்சினார். ‘ரேடியோ ஆர்ட்டிஸ்ட் வாசிக்கிறாரு, சும்மா இருங்க’ என்று அவரையே உட்கார வைத்துவிட்டார் எதிர்வீட்டுப் பெண், பி-ஹையா பி.எச்டி.யா என்று கேட்டாரே, அவரேதான்!

இப்போது அண்ணனின் பெண் நாகஸ்வரம் கற்றுக்கொள்கிறாள். சீவாளியை நாக்கில் நனைத்து, கன்னம் உப்ப, சாயங்காலம் மொட்டை மாடியில் அப்பாவின் தவிலோடு அவள் ஸரளி வரிசை ஊதினால் தெருவில் யாரும் டி.வி. சத்தத்தைக் கூட்டுவதில்லை. வானொலி நடத்துகிற இசைப் போட்டிக்குப் பதினாறு வயது நிரம்ப வேண்டும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன், அவளுக்கு இன்னும் வயசு இருக்கிறது, எனக்குத்தான் பொறுமை இல்லை. ‘மாமா, மொதல்ல எனக்கு மாயாமாளவகௌளை ஒழுங்கா வரட்டும்’ என்கிறாள். வரும், வரும். அதற்குள் அண்ணனுக்கு அடுத்த கான்ட்ராக்ட் வந்துவிட்டால் தேதியும் நேரமும் நானே சொல்லி அனுப்புகிறேன். மீடியம் வேவ் 720, இல்லாவிட்டால் ஆப், எதுவாக இருந்தாலும் எல்.ஈ.டி. லைட்டை அணைத்துவிடுங்கள். எழுந்திருக்க முடியாது என்கிறவர்கள் உங்கள் நம்பரைக் கொடுங்கள், விடிகாலை ஐந்தரைக்கு நான் போன் அடித்து எழுப்புகிறேன், திட்டினாலும் பரவாயில்லை!